பிளாட்டினக் கம்பி

பொசாதாஸில் வெயில் காலையிலேயே ஆளை அடித்துப் போட்டுவிடும். அந்தப் புழுக்கத்தில் நாங்கள் நாள் முழுக்கச் சுடச்சுட மாத்தே இலைக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தோம். ஆசைக்கு அல்ல, சக்கைக்கு. அந்த இலைச் சக்கையை உலையில் சுட்டால் கரி. மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க, விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதில் இந்தக் கரி போதும் என்று நிரூபிப்பதுதான் யானினாவின் முனைவர் பட்ட ஆய்வு. நான் அவளுக்குத் துணை. எனக்கு இப்போது மாத்தேயின் வாசனையே குமட்டுகிறது.

மூன்று வருடமாகக் கரி கரியாகவே இருந்தது. போன மாதம் திடீரென்று பிளாட்டினத்துக்குச் சமமாக வேலை செய்தது. பேராசிரியர் ஒலிவெரி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தால் யானினாவுக்குப் பட்டம். கொடுக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், அவள் அப்பாவின் டயர் கடைக்குத்தான் திரும்ப வேண்டும்.

எனக்கு ஒன்று உறுத்தியது. சோதனை ஓட ஓட அந்தக் கரி நன்றாகிக்கொண்டே போனது. எங்கள் ஆய்வகத்தில் உழைக்க உழைக்க நன்றாவது எது? குளிர்பெட்டியா, நானா?

கரி முங்கியிருந்த அதே அமிலத் தண்ணீரில், அதற்கு எதிர்முனையாகப் போன மாதம் புதிதாக மாட்டியிருந்தது பிளாட்டினக் கம்பி. அது கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து கரியின்மேல் போய் உட்கார்ந்தால்? உழைப்பது பிளாட்டினம், பெயர் வாங்குவது மாத்தே.

கம்பிக்குப் பதில் ஒரு கரிக்குச்சியை மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். மலிவு பேட்டரியைப் பிளந்தால் நடுவில் ஒன்று கிடைக்கும். ரேடியோவிலிருந்து பேட்டரியை உருவி, குறடைத் தேடினேன்.

"என்னடி பண்றே?" யானினா வாசலில் நின்றிருந்தாள்.

"சும்மா, ஒரு சந்தேகம்."

"ரேடியோவையாவது விட்டு வைடி. நான் கடிகாரத்தோட பேட்டரியப் பிளந்து பாத்துட்டேன்."

சுவர்க்கடிகாரம் திங்கட்கிழமையிலிருந்து நின்றிருந்தது. பேட்டரி மாற்றக்கூட இங்கே நாதி இல்லை என்று நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆச்சு?"

"கம்பி இல்லாட்டி நம்ம மாத்தே வெறுங்கரி."

"ஒலிவெரிகிட்ட சொன்னியா?"

"தெனம் அவர் ரூம் வரைக்கும் போறேன். கதவத் தட்டாமத் திரும்பிடறேன். முடியலடி."

எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. நானாக இருந்தால் அந்தக் கதவு வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டேன்.

"வா, ரெண்டு பேருமாப் போய்த் தட்டுவோம்" என்றேன்.

அவள் கம்பியைக் கழற்றிக் கழுவி, அதன் டப்பாவில் போட்டு என் கையில் திணித்தாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். என் கையில இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்ப மாட்டிடுவேன்."