டயர்ப் புகை

என் புருஷன் வெள்ளைத்துரைக்கு ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை மாற்றுகிறேன் என்று கம்பெனிக் கூரையில் ஏறியவர், தகடு நொறுங்கிக் கீழே விழுந்தார். கம்பி தொடையைக் கிழித்துவிட்டது. முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஆறு நாளும் அங்கேயே வெடி சுற்றிய என் உடம்பில் என்ன தெம்பு மிச்சமிருக்கும்?

ஊருக்கு மூன்று மைல். போய் ஆள் கூட்டி வருவதற்குள் இவர் தாங்க மாட்டார். ஆபீஸ் பூட்டை உடைத்தேன். போன் செத்துக் கிடந்தது. மேஜையில் சாம்பிள் ராக்கெட் இருந்தது. பொட்டலுக்குக் கொண்டுபோய் ஐந்து விட்டேன். தூரத்தில் ஆடு மேய்த்தவன் நிமிர்ந்து பார்த்தான். துண்டை ஆட்டினேன். அவனும் துண்டை ஆட்டிவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டான். தினமும் யாராவது ராக்கெட் விட்டுப் பார்க்கிற ஊரில் அவனைக் குறை சொல்லி என்ன செய்ய?

எங்கள் ஜனங்கள் எதைப் பார்த்தால் ஓடி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தயங்கினேன்.

"குருவு, தண்ணி..." என்றார். குரல் பாதிதான் வந்தது. பொட்டலில் கிடந்த பழைய லாரி டயரில் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினேன். கரும்புகை எழும்பியது.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஊரிலிருந்து டிவிஎஸ்ஸில், மினிவேனில் வந்தார்கள்; பக்கத்துக் காடுகளில் இருந்தவர்கள் வெறுங்காலில் ஓடி வந்தார்கள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு வந்தார்கள். சீசனில் லீவு நாளிலும் திருட்டுத்தனமாக வேலை நடக்கும். யார் வீட்டுப் பிள்ளை எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

என்னோடு வெடி சுற்றுகிற பொன்மணி மதினி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம்புட்டுப் பேருடி? எம் மக உள்ள இருக்காளா?"

"வெடிக்கல மதினி. எங்க வீட்டுக்காரரு கூரையில இருந்து விழுந்துட்டாக."

"அம்புட்டுத்தானா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்களின் அழுகையும் நின்றது. ஒருத்தி சிரித்தேவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சண்டை போடத்தான் தெம்பில்லை.

ஆண்கள் அவரைத் தூக்கி வேனில் கிடத்தினார்கள். மதினியும் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சிவகாசி ஆஸ்பத்திரியில், பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தாள்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்லல குருவு. ஆனா இனிமே புகை கெளம்புனா, டயரா இருக்கும்னு ஒரு நிமிசம் நின்னுருவேன்டி."

அவள் மடியில் ஒட்டியிருந்த ரத்தத்தை, கிழிந்து மிஞ்சிய என் முந்தானையால் துடைத்தேன்.