ததேயூஸின் பொன் பல்

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஆடி மாதத்து மழை ஒரு நாள் விட்டிருந்தது. பாறசாலை சந்திப்பில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்குப் போலீஸ்காரர் ஒருவர் படியேறி வந்தார். பொன்னப்பன் அப்போது மெழுகில் ஒரு பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தான். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் சாந்து ஊற்றிப் பல்லின் மாதிரியை எடுத்து, உடைந்துபோன பாகத்தை மெழுகால் கட்டி, உலோகத்தில் வார்த்துக் கொடுப்பது அவன் தொழில். களியக்காவிளை முதல் நெய்யாற்றின்கரை வரை பல் டாக்டர்கள் அவனைத்தான் நம்பியிருந்தார்கள். அது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை வெளியே காட்டாமல் இருக்கத்தான் தெரியாது.

"விஜயதாஸ். பொழியூர் ஸ்டேஷன்ல இருந்து வாறேன்," என்றார் போலீஸ்காரர். "ஒரு பல்லு பாத்துச் சொல்லணும் சாரே. ஆளு மரிச்சுப்போச்சு."

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பொழியூர்க் கரையில் ஒரு வள்ளம் அலையில் கவிழ்ந்தது. நாலு பேரில் மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள். நாலாவது ஆள் ததேயூஸ் ஏறவில்லை. நேற்றுக் காலை தெற்கே ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது. முகமும் இல்லை, துணியும் இல்லை. கீழ்த்தாடையில் ஒரு பொன் பல் மட்டும் உண்டு. தன் மாப்பிள்ளைக்குப் பொன் பல் கட்டியது பிரேமகுமாரி டாக்டர் என்று ததேயூஸின் மனைவி ஜேனட் சொல்லியிருக்கிறாள். டாக்டர் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். போனில் பிடித்தபோது, "வார்த்தது பொன்னப்பனாக்கும். மாதிரி அவன்கிட்ட இருக்கும், அவனே பாத்துச் சொல்லட்டும்," என்றுவிட்டார்.

பொன்னப்பன் செய்த மாதிரிகளை எறிவதில்லை. பெயர் எழுதி ஒட்டி, பழைய பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருப்பான். ததேயூஸின் மாதிரி இரண்டாவது டின்னிலேயே கிடைத்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போலீஸ்காரரின் பைக்கில் ஏறினான்.

வழியெல்லாம் அந்த ஆளின் ஞாபகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ததேயூஸின் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்தது. அதற்கு முன் அதில் இரண்டு தடவை அடைத்த அடைப்பு, இரண்டு தடவையும் பெயர்ந்து வந்திருந்தது. பிடுங்கிவிடச் சொல்லித்தான் அவன் போனான். பிரேமகுமாரி டாக்டர் விடவில்லை. "வேர் நல்லா இருக்குப்பா. பல்லு நடுவுல மட்டும் குழி விழுந்தா உள்ளுக்குள்ள அளவா ஒண்ணு வார்த்து வைப்போம், அது இன்லே. உனக்கு ஒரு முகடே போச்சு. அதனால முகட்டையும் சேத்து மூடுற மாதிரி வைக்கணும், அது ஓன்லே. பல்லை முழுசா மூடுற கேப்புண்ணா சுத்தி எல்லாத்தையும் ராவணும். இதுல கெட்டதை மட்டும் எடுத்தாப் போதும், நல்லது அப்படியே நிக்கும்." கெட்டதைச் சுரண்டி, அச்செடுத்து, தற்காலிகமாக ஒரு சிமெண்டை அப்பி அனுப்பினார். வார்ப்பு தயாரானதும் இரண்டாம் முறை வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பொன் கொண்டுவந்தது ஜேனட். அவளுடைய ஒற்றைக் கம்மல். ஜோடியை எங்கோ தொலைத்திருந்தாள். பொன்னப்பன் வழக்கம்போல உறுதிக்கு வேறு உலோகம் கலக்க வேண்டும், பொன் தனியே நின்றால் மிருதுவாகப் போகும் என்று சொன்னான். ததேயூஸ் தலையை ஆட்டிவிட்டான். "அது இவளுக்க அப்பன் போட்ட பொன்னு சாரே. அதுல வேற ஒண்ணும் சேரண்டாம்." கட்டினவள் கொண்டுவந்த பொன்னில் வேறெதுவும் கலந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. கம்மலில் இருந்த கலப்பே போதும் என்று பொன்னப்பனும் இறங்கிவந்தான். தொழிலுக்கு அது சரியில்லைதான். ஆனால் ஜேனட் அந்த ஆளைப் பார்த்த பார்வைக்கு மேல் யார் என்ன பேச முடியும்?

அந்தப் பல்லை அவன் நாலு நாள் செதுக்கினான். மேடும் பள்ளமும் பிறந்த பல்லைப்போலவே வந்தது. "இதை வாய்க்குள்ள ஒளிச்சு வைக்க மனசு வரல்ல," என்று டாக்டரே சொன்னார். பொன்னப்பன் ஒரு மாதம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தாலுக்கா ஆஸ்பத்திரியின் பிணவறைக்கு வெளியே ஜேனட் நின்றிருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவள் ஜிஷாவுக்குப் பத்து வயது இருக்கும். சின்னவள் ஆன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பொன்னப்பன் அவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளே ஊழியர் தாடையை விலக்கினார். விஜயதாஸ் டார்ச் அடித்தார். கீழே, இடது பக்கம், முதல் கடைவாய்ப் பல். பொன்தான்.

ஆனால் அவன் செதுக்கிய மேடுகள் இல்லை. பல்லின் தலையில் கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம்வரை குறுக்கே ஒரு சால் ஓடியது. உழுத சால்போல ஆழமாக, வழுவழுப்பாக. சோறும் மீனும் தின்று பொன் இப்படித் தேய வேண்டுமானால் பதினைந்து வருஷமாவது ஆகும். இரண்டு வருஷத்தில் ஆகாது. கல்ஃபுக்குப் போய்வந்த எத்தனையோ பேர் வாயில் பொன் உண்டு. இது யாரோ ஒரு கிழவனாக இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். பொன்னப்பனுக்கோ குஞ்சு நிஜப் பொன். இந்தத் தேய்ந்த பல் தன்னுடையது இல்லை என்று கண்டதும் மனசு துள்ளியது. மாதிரி சட்டைப்பையிலேயே கிடந்தது. அதை வெளியே எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்து ஜேனட்டிடம் தானே சொன்னான். "இது ததேயூஸ் இல்ல. இதுல குறுக்க ஒரு சாலு உண்டு. நான் செய்த பல்லுல அது கிடையாது. இது பழைய பல்லாக்கும்."

"சாலா?" என்றாள் ஜேனட்.

"ஆமா. நல்ல ஆழத்துக்கு."

அவள் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஆன் சிரித்துவிட்டாள். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு பொன்னப்பன் கொல்லயிலில் இருந்த வீட்டுக்குப் பஸ் ஏறினான்.

மூன்றாம் நாள் காலை பொழியூரிலிருந்து மீன் விற்கும் பெண் வந்தாள். பொன்னப்பனின் மனைவி ஷியாமளா நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கூடையின் கட்டு அவிழ்ந்திருந்தது. மீன்காரி நைலான் நூலை முடிச்சிட்டு, ஒரு முனையைக் கடைவாயில் கடித்துச் சரசரவென்று இழுத்து இறுக்கினாள்.

"பல்லு போயிடும்லா," என்றான் பொன்னப்பன், தொழில் புத்தியில்.

"எங்க ஆம்பிளைங்க இழுக்குறதைப் பாத்தா என்ன சொல்லுவிய? வலைக்கு முடிச்சுப் போடும்போ ரெண்டு கையும் வலையிலல்லா இருக்கும். பிறகு எதை வச்சு இறுக்க? நாளொண்ணுக்கு நானூறு முடிச்சுண்ணாலும் பல்லுலதான்."

பொன்னப்பன் குடித்துக்கொண்டிருந்த சாயாவைக் கீழே வைத்தான். நைலான் நூல். உறுதிக்குக் கலப்பு சேர்க்காத பொன். நாளுக்கு நானூறு முடிச்சு. கரையிலிருந்து எட்டு மைல் தள்ளி, தென்னைக்கும் வயலுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்கு வலை எப்படி முடிகிறார்கள் என்று தெரியாது. தெரியாததைக் கேட்டிருக்கலாம். கேட்கவும் இல்லை.

கிடைத்த முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனான். விஜயதாஸும் அங்கே வந்திருந்தார். உடலுக்கு ஆள் வரவில்லை, நாளைக் காலை பஞ்சாயத்துக்காரர்கள் எடுத்துப் புறம்போக்கில் அடக்கிவிடுவார்கள் என்றார். பொன்னப்பன் இந்தத் தடவை பல்லின் தலையைப் பார்க்கவில்லை. மாதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு விளிம்பைப் பார்த்தான். முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம் அதுதான். பொன்னும் பல்லும் சேரும் கோடு நாக்குப் பக்கம் ஒரு வளைவாக ஈறுவரை இறங்கி, பின்பக்கம் சட்டென்று ஏறியது. ததேயூஸின் பல் உடைந்த விதம் அது. இரண்டு பேருக்குப் பல் ஒரேபோல உடையாது. மாதிரியிலும் அதே வளைவு, அதே ஏற்றம். இரண்டு வருஷத்துக்குப் பிறகும் நகம் தட்டாத அளவுக்குப் பொருந்தி நின்றது. அவன் வாழ்நாளில் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. அதற்காக அன்று அவன் சந்தோஷப்படவில்லை.

"நான் போய்ச் சொல்லுறேன்," என்றான் விஜயதாஸிடம். "இல்லண்ணு சொன்னது நானாக்கும்."

எழுத்து வேலையெல்லாம் முடிந்து பொழியூரில் ஜேனட்டின் வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி நாலரை. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஜேனட் வாசலுக்கு வந்தாள். அவன் வாயைத் திறக்குமுன், "அவருதானே?" என்றாள்.

பொன்னப்பன் ஆமென்று தலையை அசைத்தான். பிறகு, "நூலு இழுத்து வந்த சாலுண்ணு எனக்குத் தெரியாமப் போச்சு," என்றான்.

"எனக்குத் தெரியும். 'உனக்க பொன்னு தேயுதுடி'ண்ணு தினமும் வாயைத் திறந்து காட்டுவாரு. நானும் டாக்டர்கிட்டப் போவோம்ணு சொல்லிட்டே இருந்தேன். அண்ணைக்கு நீங்க சாலுண்டுண்ணு சொன்னப்பமே எனக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு சாரே."

"பிறகு ஏன் நீங்க ஒண்ணும் சொல்லல்ல?"

ஜேனட் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பன்னிரண்டு நாளா மக்க ரெண்டும் ஒரு வாய் நேரே தின்னல்ல. நீங்க இல்லண்ணு சொன்ன அண்ணைக்கு ராத்திரிதான் ரெண்டாவது சோறு கேட்டாங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்ணு வச்சிட்டேன். என் பாவமாக்கும்."

உள்ளேயிருந்து ஆன் மீன்குழம்பு கேட்டாள். ஜேனட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக தின்னு முடியட்டு சாரே. பிறகு நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

பொன்னப்பன் வாசலில் கிடந்த வலைக்குவியலின் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளே தட்டுகளின் சத்தம் கேட்டது. சின்னவள் ஏதோ சொல்ல, பெரியவள் அவளைப் பரிகசித்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தின்னட்டும் என்றிருந்தது அவனுக்கு. கடைசியில் கை கழுவும் தண்ணீர் முற்றத்தில் விழுந்தது. பிள்ளைகள் இரண்டும் வெளியே வந்து அவனைக் கண்டு நின்றன. அன்றைக்கு நல்ல செய்தி சொன்ன ஆள் என்று ஆனுக்கு அடையாளம் தெரிந்தது. சிரித்தாள். ஜேனட் பின்னால் வந்து இரண்டு தலைகளிலும் கை வைத்துக்கொண்டாள்.

பொன்னப்பன் எழுந்து நின்றான்.

"மக்கா," என்றான், "அண்ணைக்கு நான் சொன்னது தப்பாக்கும்."