உட்காரும் வண்டி

“வண்டி உக்காந்துடுச்சு” என்று மெக்கானிக் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்காருவதற்காகத்தானே அந்த வண்டியை வாங்கினேன்!

நான் மாட்டு டாக்டர். எருமை ஒன்று உதைத்ததிலிருந்து என் இடது முழங்கால் மடங்காது. காடுமேடு ஏறுகிற வண்டிகளுக்கெல்லாம் இருக்கை என் நெஞ்சு உயரத்தில் இருக்கும். இந்தப் பழைய சொகுசு வண்டியில் மட்டும் ஸ்பிரிங்குக்குப் பதில் நான்கு சக்கரத்துக்கும் ரப்பர் காற்றுப் பைகள். பொத்தானை அழுத்தினால் காற்றை விட்டுத் தாழும். நான் ஏறியதும் கம்ப்ரஸர் காற்றடித்து நிமிர்த்தும். சேற்றுப் பாதையில் இன்னும் உயரும். யார் கையையும் பிடிக்காமல் நான் வேலைக்குப் போவது இதனால்தான்.

கொஞ்ச நாளாகக் காலையில் பார்த்தால் முன்பக்கத்து இடது மூலை தரையைத் தொடாத குறை. கம்ப்ரஸர் ஓயாமல் இரைந்தது. பட்டறையில் விட்டேன். என்னைக் கேட்காமலே அண்ணன் சாதாரண ஸ்பிரிங் நான்கை வாங்கிக்கொண்டு அங்கே வந்து நின்றான்.

“காத்துப் பையெல்லாம் சரிப்படாது. இதை மாட்டிட்டா ஆயுசுக்கும் தொல்லை இல்ல.”

“அப்புறம் வண்டி தாழுமா?”

“தாழாது. அதுக்கென்ன, நான் தூக்கி உக்கார வெக்கறேன்.”

“நான் என்ன அரிசி மூட்டையா?”

“எப்பப் பாரு ஒத்தக் கால்ல நிக்கறே!”

“வேற என்ன பண்ண? எனக்கு இருக்கறதே ஒண்ணுதானே!”

மெக்கானிக் சிரித்துவிட்டார். அண்ணன் முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அண்ணனுக்கு என்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அடிபட்ட நாளிலிருந்து என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்க்கிறான். எனக்கு எரிச்சலே அந்தப் பாசத்தின்மேல்தான்.

“பையில சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்துட்டேன் டாக்டரம்மா, ஒரு குமிழி வரல. கம்ப்ரஸர்தான் போயிடுச்சு” என்றார் மெக்கானிக்.

“வண்டியை எப்படி வெச்சுப் பாத்தீங்க?”

“தூக்கி வெச்சுத்தான்.”

அங்கேதான் பிசகு. மற்றவர்கள் வண்டியை நிமிர்ந்தபடியே நிறுத்துவார்கள். மறுநாள் ஏற வேண்டுமே என்று நான் எப்போதும் தாழ்த்தி நிறுத்துகிறேன். தூக்கினால் பை நீண்டுவிடும், தாழ்ந்தால்தான் மடியும். அந்த மடிப்பை அவர் பார்க்கவே இல்லை.

“இறக்குங்க. நான் ஏறுற உயரத்துக்கு.”

அரைமனதாக இறக்கினார். நான் தடியை ஊன்றிக் குனிந்து, சக்கர இடுக்கில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினேன். மடிப்பிலிருந்து பொசபொசவென்று நுரை கிளம்பியது.

“கம்ப்ரஸர் பாவம், ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்திட்டு இருந்திருக்கு” என்றேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “பையை மட்டும் மாத்தினாப் போதும்மா. ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுத்துடுங்க சார்.”

புதுப் பையை மாட்டி அவர் என்ஜினை ஓடவிட்டபோது எனக்குப் போன் வந்தது. மேட்டுப் பண்ணையில் ஒரு பசு, கன்று குறுக்கே திரும்பிக்கொண்டு, ஈன முடியாமல் தவிக்கிறதாம். நான் பேசி முடிப்பதற்குள் அண்ணன் ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

“மழை பேஞ்ச பாதை. நான் கொண்டுபோய் விடறேன்.”

அவனைத் தாண்டிக் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினேன். வண்டி நிதானமாக இறங்கியது. இருக்கையில் உட்கார்ந்து, மடங்காத காலைக் கையால் உள்ளே எடுத்துவைத்தேன். அவன் இன்னும் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

“என்னை விட வேண்டாம் அண்ணா. வழியை விடு.”