இரண்டு நிமிடம் முன்னால் பிறந்தவள்

ஆய்வுக்கு வந்திருந்த அம்மையார் கேஸ் ஷீட்டில் விரலை வைத்தார். எடுக்கவில்லை. எதிரே தலைமை நர்ஸ் நின்றாள். பிரசவ வார்டில் டாக்டரிலிருந்து கூட்டுகிற பெண் வரை எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். இருபத்தோரு வருஷ சர்வீஸில் எத்தனையோ ரத்தத்தைக் கண் கொட்டாமல் பார்த்தவள், ஒரு விரலைப் பார்த்து ஆடிப்போனாள்.

"தியேட்டர் குறிப்புல வயித்தைக் கீறினது பத்து நாப்பத்தி நாலு. குழந்தை குறிப்புல பிறந்தது பத்து நாப்பத்திரெண்டு," என்றார் அம்மையார். "கீறுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே பிறந்துடுச்சா?"

பக்கத்தில் நின்ற அறுவை டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. குற்றவாளி அவர்தான். யாரும் தாமதமாக வரக் கூடாது என்று தியேட்டர் கடிகாரத்தை நாலு நிமிடம் கூட்டி வைத்த புண்ணியவான். அது எல்லோருக்கும் தெரியும். பார்க்கும்போதே மனசுக்குள் நாலைக் கழித்துக்கொள்வார்கள். கழித்துக் கழித்துப் பழகிப்போய், எழுதும்போது கழிக்க வேண்டும் என்பதே எவருக்கும் தோன்றாமல் போயிற்று. குழந்தை நர்ஸ் மட்டும் தன் கை வாட்சைப் பார்த்து எழுதினாள். வெளியாள் ஒருத்தர் வந்து படித்தால்தானே தெரியும், வீட்டு லட்சணம்.

விஷயம் சிரிப்போடு போகிறதாக இல்லை. அந்த ஆஸ்பத்திரி முதல் நிலையில் இருந்தது; இரண்டாம் நிலை தரலாமா என்று பார்க்கத்தான் அம்மையார் வந்திருந்தார். சிக்கலில்லாத பிரசவம் மட்டும் பார்க்கலாம். இரண்டாம் நிலை கிடைத்தால் முப்பத்திரண்டு வாரம் தாண்டிய குழந்தைகளை இங்கேயே வைத்துக் காப்பாற்றலாம், பெரிய ஆஸ்பத்திரியில் தேறிய குழந்தைகளைத் திரும்ப வாங்கியும் கொள்ளலாம். அதற்கு ஆயிரத்தெட்டு நிபந்தனை. அதில் ஒன்று, அவசரம் என்று முடிவெடுத்த முப்பது நிமிடத்துக்குள் கத்தி வைத்தாக வேண்டும். வார்டு கடிகாரத்தில் பத்து பன்னிரண்டுக்கு முடிவெடுத்தார்கள். தாளின்படி முப்பத்திரண்டு நிமிடம். உண்மையில் இருபத்தெட்டு.

அதைவிடக் கொடுமை, அம்மையார் தாள் கட்டுக்குள்ளிருந்து உருவியது ஏழாம் படுக்கைக்காரியின் தாள். முப்பத்திமூன்றாம் வாரத்தில் ரத்தம் கொட்டக் கொட்ட வந்தவள். வேறெங்கும் அனுப்ப நேரமில்லை. முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள். அவள் கண் விழிப்பதற்குள் பெண் குழந்தை ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இன்றைக்கு ஐந்தாம் நாள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்குகிற வழியாக இல்லை, அதனால் அனுப்ப முடியாது. மூன்று மணி நேரத்துக்கொரு தரம் பால் பீய்ச்சி வைக்கிறாள். புருஷன் அதை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ் ஏறுகிறான். மகளை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள். "நிலை கிடைச்சுட்டா உன் பிள்ளையை இங்கேயே கொண்டாந்துடலாம்மா," என்று வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருந்தாள் பெரியக்கா.

"கடிகாரம் வேகம், மேடம்," என்றாள் இப்போது. "நாங்க யாரும் அதைச் சரியா எழுதல. தப்பு எங்களோடதுதான்."

"நீங்க சொல்றதை நான் நம்பலாம். தாள் அப்படிச் சொல்லலையே."

பெரியக்கா அம்மையாரின் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு, "உங்க கையில கட்டியிருக்கிற வாட்சைப் பாருங்க மேடம். அவசர ஆபரேஷனை இப்பவே ஒத்திகையா நடத்திக் காட்டுறோம்," என்றாள். அறுவை டாக்டர் திரும்பிப் பார்த்த பார்வையில், மதியம் ஒன்றேகால், பாதிப் பேர் சாப்பாட்டில் இருக்கிறார்கள் என்கிற செய்தி முழுக்க இருந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை.

நோயாளி வேண்டுமே. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள் வார்டு கூட்டுகிறவள். "நாலு பெத்தவ நான். எனக்கு நடிக்கச் சொல்லியா தரணும்," என்று தலையணையைச் சேலைக்குள் செருகிக்கொண்டு படுத்து, வார்டே அதிரும்படி ஒரு முனகல் முனகினாள். அம்மையார் வாட்சைப் பார்த்தார்.

பெரியக்கா மணியை அடித்தாள். அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது. 'ஒத்திகையா' என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஒருத்தி ரத்தக் குழாய் கண்டுபிடித்து மூடி கழற்றாத ஊசியை வைத்தாள், ஒருத்தி ரத்த வங்கிக்கு போன் போட்டாள், ஸ்ட்ரெச்சர் நகர்ந்துகொண்டிருக்கும்போதே கையெழுத்து வாங்கினார்கள். லிஃப்ட்காரர் உள்ளே இருந்த இரண்டு பார்வையாளர்களை இறக்கிவிட்டுக் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றார். மயக்க டாக்டர் சோற்றுக் கையோடு படியேறி வந்தார். குழந்தை நர்ஸ், பிறக்கப்போகிற தலையணைக்குச் சூடேற்றும் வார்மரைப் போட்டு, துணியை விரித்து, மூச்சுப் பையை அழுத்திச் சரிபார்த்தாள். அத்தனை ஓட்டத்திலும் ஒரு கத்தல் கிடையாது. பெரியக்கா ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தினமும் திட்டித் தீர்க்கிற இந்தக் கூட்டத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பெருமை பொங்கி வந்தது.

அறுவை டாக்டர் உறை போட்ட கத்தியைத் தலையணைக்கு மேலே நிறுத்தி, "வச்சாச்சு," என்றார்.

"இருபத்தி நாலு," என்றார் அம்மையார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேரே போய்க் கூட்டுகிறவளிடம் குனிந்தார். "உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் எழுந்து உட்கார்ந்து யோசித்தாள். "பயமா இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா அடுத்து என்ன செய்யப் போறோம்னு ஒவ்வொருத்தரும் சொல்லிட்டேதாங்க செஞ்சாங்க. மயக்க டாக்டர் சோத்துக் கையோட வந்தாரு. கழுவிட்டுத்தான் என்னைத் தொட்டாரு."

அம்மையார் முதல்முறையாகச் சிரித்தார். கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு வைத்து, இனி ஒரு ஆள் ஒரே கடிகாரம் பார்த்து எழுத வேண்டும் என்று தன் தாளில் குறித்துக்கொண்டார். பின்னர் பெரியக்காவைத் தனியே அழைத்தார். "முழு அனுமதி வர மூணு வாரம் ஆகும். தற்காலிகமா இன்னைக்கே எழுதித் தரேன். அந்த ஏழாம் படுக்கைக் குழந்தைக்காக இப்பதான் பெரிய ஆஸ்பத்திரியில போன்ல பேசினேன். மூணு நாளா மூச்சுக் கருவி இல்லாம இருக்காளாம். நாளைக்குக் காலையில பார்த்துட்டு, அனுப்புறதா வேணாமான்னு சொல்வாங்க. நான் வாக்கு எதுவும் கொடுக்கல."

"நானும் இனிமே கொடுக்க மாட்டேன், மேடம்," என்றாள் பெரியக்கா.

சாயங்காலம் பெரியக்கா ஏழாம் படுக்கைக்காரியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தைகள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சொல்ல வேண்டியதை ஒளிக்காமல் சொன்னாள், வராமலும் போகலாம் என்பது வரை. கண்ணாடித் தொட்டிலின் சுவிட்சைப் போட்டுவிட்டு, சூடு ஏறுகிறதா என்று பார்த்தாள். சுற்றுவேலி போல நான்கு பக்கமும் கண்ணாடி, நடுவில் வெள்ளை விரிப்பு, அதில் ஒன்றுமில்லை.

ஏழாம் படுக்கைக்காரி அந்த விரிப்பையே பார்த்தாள். "போன்ல பார்த்தா அளவு தெரியலக்கா. எவ்ளோ பெருசு இருப்பா?"

பெரியக்காதான் அன்றைக்கு அந்தக் குழந்தையைத் தூக்கி ஆம்புலன்ஸில் கொடுத்தவள். பக்கத்துத் துளைகள் வழியே இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, விரிப்பின் மேல் இடைவெளி விட்டு நிறுத்திக் காட்டினாள். "இங்க தலை. இதோ, இங்க பாதம்."

அவள் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியக்கா கைகளை மெல்ல எடுத்தாள். அவை இருந்த அதே இடத்தில் தாய் தன் கைகளை வைத்தாள், ஒன்று தலைக்கு, ஒன்று பாதத்துக்கு. அப்படியே, அளவு மாறாமல், வைத்துக்கொண்டிருந்தாள்.