உளுந்துச் செடிமேல் ஏறிய வண்டி

ரேகாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மாமியார் தில்லையம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம் மருமவ எங்க வேலைக்குப் போறா? ரோட்டத்தான் அளக்கப் போறா" என்று சொல்லிச் சிரித்தது காதில் விழுந்துவிட்டது.

வண்டி எதன்மேலாவது ஏறி இறங்கினால் போதும், ஆளை அடித்துவிட்டோம் என்று ரேகாவின் நெஞ்சு பதறும். திரும்பிப் போய்ப் பார்ப்பாள். யாரும் இருக்கமாட்டார்கள். சரியாகப் பார்த்தோமா என்று மறுபடியும் போவாள். இப்படிப் போனால் கடலூரிலிருந்து சிதம்பரம் லேபுக்கு எப்போது போய்ச் சேர்வது? இன்னொரு நாள் தாமதமானால் வேலைக்கே வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியாகிவிட்டது.

அது பைத்தியமும் இல்லை, பாசாங்கும் இல்லை, கண்ணுகளா. ஓசிடி என்கிற நோய். பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் கொழுக்கும், மாத்திரையோடு திரும்பிப் பார்க்காமலிருக்கவும் பழகு என்றார் டாக்டர். அவள் கேட்டாலும் ஒன்றும் ஆகவில்லை என்று தேற்றாதே என்று புருஷன் கதிர்வேலிடமும் சொல்லியிருந்தார். அன்று அவனும் அவள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

புதுச்சத்திரம் தாண்டியதும் சாலையில் யாரோ உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் காய் உடையட்டும் என்று. சக்கரம் மெத்தென்று ஏறி, எதிலோ தடுக்கி இறங்கியது. செடிக்கடியில் குழந்தை படுத்திருந்தால்?

வண்டியை ஓரங்கட்டினாள்.

"மாமா, யாரும் இல்லதான?"

கதிர்வேல் பேசவில்லை.

"சொன்னா வாயில இருக்கற முத்து உதிந்துடுமா?"

"டாக்டர் சொல்லக் கூடாதுன்னாரு."

"டாக்டரா எனக்குத் தாலி கட்டுனாரு?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எத்தனை கல்யாணத்துக்குப் போகவிடவில்லை, எத்தனை நாள் சோற்றை நிம்மதியாகத் தின்னவிடவில்லை, இப்போது கட்டியவனையும் ஊமையாக்கி உட்கார வைத்துவிட்டதே இந்தச் சனியன் என்று நினைத்தாள். கோபம் அவனை விட்டு நோயின்மேல் பாய்ந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினாள்.

பி.முட்லூர் வரைக்கும் நோயையும் அவனையும் சேர்த்தே திட்டிக்கொண்டு ஓட்டினாள். மனதுக்குள் அந்தக் குழந்தை செடிக்கடியிலேயேதான் கிடந்தது. திரும்பவில்லை.

போனபோது லேபில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் கூப்பிட வரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான் கதிர்வேல்.

"வாங்க" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "வாய மட்டும் இதே மாதிரி மூடிக்கினு வாங்க."