அறுபதுக்கு இறங்கும் திரை

எங்கள் பிசி பாங்கில், அதாவது மணிக்கணக்கில் கணினி விளையாட விடும் கடையில், ராம்யன் நூடுல்ஸ் வேண்டுமென்றால் யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். திரையில் அழுத்தினால் கல்லாவில் மணி அடிக்கும். கை தூக்கினால் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். திங்கட்கிழமை மதியம் பதினேழாம் இருக்கையில் முன்சோக் அண்ணன் கையைத் தூக்கினார்.

"நாரே, இந்தத் திரை அறுபதுக்கு இறங்கிடுச்சு," என்றார் என்னிடம்.

எங்கள் மானிட்டர்கள் நொடிக்கு இருநூற்று நாற்பது முறை படத்தை மாற்றுபவை. அதைத்தான் விளம்பரமாக மாடிப்படி முழுக்க ஒட்டி வைத்திருக்கிறோம். அறுபது என்றால் விளையாடுகிறவர்களுக்கு அது திரையே இல்லை. நான் குனிந்து செட்டிங்கைத் திறந்தேன். இருநூற்று நாற்பது என்றுதான் இருந்தது. மானிட்டரின் அடியிலுள்ள பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவையும் பார்த்தேன். அங்கேயும் அதே எண்.

"சரியாத்தான் இருக்கு அண்ணா."

"எழுத்துல இருக்கு. கண்ணுல இல்ல. மவுஸச் சுத்திப் பாரு."

சுற்றினேன். நல்ல திரையில் அம்புக்குறிகள் விசிறி மடிப்பு போல நெருங்கி வரும். இதில் பல் விழுந்த சீப்பு போலத் தள்ளித் தள்ளி வந்தன. கையை எடுத்தேன். எடுத்த பிறகும் கடைசி அம்பு மட்டும் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. அதை அவரிடம் சொல்லவில்லை.

முன்சோக் அண்ணனுக்கு இருபது வயது. நவம்பரில் கட்டாயப் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது. திரும்பி வரும்போது கை வேகம் போயிருக்கும் என்று அவரே சொல்வார். அதற்கு முன், சம்பளத்துக்குக் கணினி விளையாடும் ஓர் அணி அவரைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம், இணையம் வழியாக. வீட்டுக் கணினியை அவருடைய அப்பா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். எங்கள் கடையை விட்டால் அவருக்கு இடமில்லை.

முதலாளி சூனே அம்மா செவ்வாய்க்கிழமை வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தார்.

"கேபிள்தான். எப்பவும் கேபிள்தான். எவனோ கால நீட்டி உதைச்சிருப்பான்."

கேபிளை மாற்றினோம். அறுபது. பதினெட்டாம் இருக்கையின் மானிட்டரைக் கழற்றிப் பதினேழில் வைத்தோம். பதினேழின் மானிட்டர் பதினெட்டில் நன்றாக ஓடியது, பதினெட்டினுடையது இங்கே வந்ததும் இறங்கியது. கிராபிக்ஸ் கார்டை மாற்றினோம். கணினிப் பெட்டியையே மாற்றினோம். எங்கள் கணினிகளை அணைத்துப் போட்டால் முதல் நாள் இருந்தபடியே திரும்பிவிடும், எவன் என்ன கெடுத்தாலும் தங்காது. அதனால் மென்பொருள் என்று சொல்லவும் வழியில்லை.

"அப்ப ராசா, கெட்டது நீதான்," என்றார் முதலாளியம்மா. "நாப்பதுக்குப் போய் உக்காரு."

முன்சோக் அண்ணன் நாற்பதில் உட்கார்ந்தார். நான் அவருடைய குளிர்ந்த காப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இறங்கிடுச்சு," என்றார். "அத்தை, சனிக்கிழமை நான் என்ன பண்ணுவேன்?"

"வாய மூடு. இன்னும் நாலு நாள் இருக்கு."

புதன்கிழமை வேறு சிலரும் கையைத் தூக்கினார்கள். இருபத்திரண்டு, பிறகு ஒன்பது, பிறகு ஜன்னலோரம் மூன்று பேர் ஒன்றாக. நான் ஒவ்வொருவரிடமும் ஓடினேன். போய் நிற்பேன், பார்ப்பேன், இறங்கியிருக்கும். திரும்பிச் சமையல் மூலையின் திரைச்சீலைக்குப் பின்னால் போனதும், "சரியாயிடுச்சு போ," என்று பின்னாலிருந்து கத்துவார்கள். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை நான் மேலங்கியைக் கழற்றுவதற்குள் முதலாளியம்மா சொன்னார்.

"நேத்து நாள் முழுக்க ஒருத்தனும் கைய தூக்கல. உன் ஒடம்புல என்ன காந்தமா ஓடுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாகம் பாகமாக எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோமே, மாற்றாமல் விட்டது ஒன்றுதான். பதினேழுக்கும் நாற்பதுக்கும் அவர் பின்னாலேயே போன நான்.

அன்று மதியம் முன்சோக் அண்ணன் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது என் கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்தேன். திரை நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று கண்ணால் எண்ண முடியாது. கைப்பேசி நொடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கும், பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணலாம். சமையல் மூலைக்குப் போய், ராம்யன் பாத்திரம் கொதிக்கும் இடத்தில் நின்று தள்ளினேன்.

முதல் படத்தில் விளையாட்டு இருந்தது. ஒரு பாலம், ஒரு துப்பாக்கி முனை.

இரண்டாவது படத்தில் எங்கள் கடை இருந்தது.

மூன்றாவதிலும் கடை. நான்காவதிலும். ஐந்தாவதில் மறுபடி பாலம், துப்பாக்கி சற்றே நகர்ந்திருந்தது. பிறகு மூன்று முறை கடை. திரை இறங்கவே இல்லை. இருநூற்று நாற்பது முறையும் மாறிக்கொண்டுதான் இருந்தது. நான்கில் ஒன்றைத்தான் எங்களுக்குக் கொடுத்தது.

விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். கறுப்பு நாற்காலிகள், நீல விளக்கு, காதொலிப்பான் மாட்டிய தலைகள். முன்சோக் அண்ணன்கூட அதில் இருந்தார். ஒருவர்கூடத் தங்கள் திரையைப் பார்க்கவில்லை. எல்லா முகங்களும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன, நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தை நோக்கி.

நான் பள்ளியை விட்டது போன வருடம். வாசிக்கச் சொல்லி ஆசிரியர் எழுப்பினார். முப்பத்தோரு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இங்கே வேலைக்கு வந்ததற்கு ஒரே காரணம், இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கிண்ணத்தை வைத்தால் கை மட்டும் நீளும்.

திரைச்சீலையை விலக்கிக் கூடத்தைப் பார்த்தேன். எல்லாரும் அவரவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

கைப்பேசியில் இருந்ததை அழித்தேன். பிறகு முன்சோக் அண்ணனிடம் போய், "ஒரு நிமிஷம் மவுஸச் சுத்திக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து மாடிப்படிக்குப் போய் நின்றேன். நூறு எண்ணிவிட்டுத் திரும்பினேன்.

"நீ போனதும் வெண்ணெய் மாதிரி ஓடிச்சு," என்றார் அவர். "உள்ள காலு வெச்ச, போச்சு. என்ன மாயம்டி இது?"

"தெரியல. நாளைக்கு ஆட்டம் முடியற வரைக்கும் நான் வெளிய நிக்கறேன்."

"கடைய யார் பாப்பா? உங்க முதலாளியம்மா ஏதோ கல்யாணத்துக்குப் போறாங்களே."

"நீங்க ஜெயிங்க."

அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை இரண்டே முக்காலுக்குக் கூடம் நிரம்பியிருந்தது. 'இருபது நிமிடத்தில் வருகிறேன்' என்று பொய் எழுதிக் கல்லாவில் ஒட்டினேன். முன்சோக் அண்ணன் கைகளைச் சூடு பண்ணத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய திரையை நான் பார்க்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் மாடி. படிக்கட்டு ஜன்னலில் நல்ல வெயில். கீழே பேருந்து நிலையத்தில் யாரோ ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு உள்ளே எழுபது பேரின் விசைப்பலகைச் சத்தம், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி. கல்லா மணி அடித்தது. மறுபடி அடித்தது. காரமான அரிசிக் கொழுக்கட்டை கேட்டிருந்த யாரோ, "ஏ பொண்ணு! என் டொக்பொக்கி எங்க? அரிசிய இப்பத்தான் விதைச்சிருக்கியா?" என்று கத்த, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றரை இருக்கும். சத்தம் நின்றது.

குறைந்து நிற்கவில்லை. எழுபது பேரும் ஒரே நொடியில் கையை எடுத்த மாதிரி நின்றது. சிரிப்பும் இல்லை, மணியும் இல்லை. நாற்காலிச் சக்கரங்கள் மட்டும், நிறைய, மெதுவாகத் திரும்புகிற ஓசை கேட்டது. கதவுக் கண்ணாடியில் விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மின்சாரம் போயிருந்தால் உள்ளே போய் விசையைப் போடுவது என் வேலை. அவருடைய ஆட்டம் பாதியில் அறுந்திருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். என் கை கதவின் கைப்பிடிக்குப் போனது. கைப்பிடி சூடாக இருந்தது, உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல.

உள்ளே போனால் அறுபது. நான் கையை எடுத்துவிட்டேன்.

எத்தனை நேரம் என்று தெரியாது. உள்ளே விசைப்பலகை மழை மறுபடி பெய்யத் தொடங்கியது.

நான்கு மணிக்கு முன்சோக் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கழுத்தெல்லாம் வியர்வை.

"முதல் ஆட்டம் எனக்கு! கடைசி வரைக்கும் ஒரு சொட்டு இறங்கல. அந்த அணிக்காரங்களே எழுதினாங்க, கை பிரமாதம்னு. இன்னொரு ஆட்டம் இருக்கு, நாலரைக்கு."

"நடுவுல சத்தம் நின்னுச்சே அண்ணா. கரண்ட் போச்சா?"

"கரண்டா? இல்லையே." அவர் பிடரியைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு நடந்துச்சு. ஏன்னு தெரியல. எல்லாரும் ஒரே நேரத்துல கதவத் திரும்பிப் பாத்தாங்க. நானும்தான் பாத்தேன். ஆட்டம் நடுவுல, நெனச்சுப் பாரு! நல்ல வேளை, அப்ப என் ஆள் செத்துப்போய்த் திரும்ப வரக் காத்திருந்தான்." சிரித்தார். "சரி, உள்ள வந்து தண்ணியாவது குடியேன்."

"வேண்டாம். நீங்க போங்க, நேரமாகுது."

அவர் போனார். கதவு மூடும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நாலரை ஆவதற்குள், அவர்கள் மறுபடி திரும்பினாலும் பார்வை எட்டாதபடி, இன்னொரு மாடி கீழே இறங்கி நின்றேன்.