இரங்கல் ஏறிய கேசட்

தம்பி நம்பிராஜன் ஊதுபத்திக் கவரைக் கிழித்து, நாலாக மடித்து, கேசட்டின் முதுகில் இருந்த குழியில் திணித்துக்கொண்டிருந்தான். செத்துக் கிடந்த கணவன் சொரிமுத்துவின் தலைமாட்டில், பிறந்த வீட்டார் போர்த்திய ஆறு புதுக் கோடிச் சேலைகளுக்கு அடியில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏல தம்பி, அதை வையி" என்றாள்.

சுற்றியிருந்தவர்களுக்கு அது அழுகையாகத்தான் கேட்டது. பக்கத்திலிருந்த அத்தை அவளை இன்னும் இறுக்கிக் கட்டி, காதோடு வாயை வைத்து, "அழு தாயி, அடக்காத" என்றாள். வெற்றிலை எச்சில் கன்னத்தில் தெறித்தது. துடைக்கக் கை விடுபடவில்லை.

காலையில், வடக்கே பிழைக்க வந்த தமிழர்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பில் தன் டிவி ரிப்பேர் கடையில், யாருடைய டிவிக்கோ பின்மூடியைக் கழற்றின சொரிமுத்து அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டான். வயது நாற்பத்து மூன்று. துபாயில் இருக்கும் அண்ணன் பிச்சையா வர முடியாது. எண்பத்தாறில் துபாய்க்குக் கல்யாணமும் கருமாதியும் கேசட்டில்தான் போய்க்கொண்டிருந்தன. எனவே கேம்ப்புத் தமிழர் சங்கத் தலைவர் வானமாமலை ஆற்றப்போகும் இரங்கலுரையைப் பிடித்து அனுப்புவதென்று முடிவாயிற்று. வீட்டிலேயே டேப்ரிக்கார்டர் இருந்தது, உள்ளே ஒரு கேசட்டும் இருந்தது. நம்பிராஜன் அதைப் போட்டுப் பார்த்தான். தகரத்தைத் தகரத்தால் தேய்ப்பது போலக் கீச்சென்று கத்தியது.

"கராப் டேப்பு, கெட்டுப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அழியாமலிருக்க அத்தான் ஒடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் காது இருந்த இடத்தைத்தான், மேலே பதிவதற்காக, இப்போது காகிதத்தால் அடைத்துக்கொண்டிருந்தான். அந்த வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தான்.

அந்தக் கீச்சுச் சத்தம் செண்பகவல்லிக்குத் தெரியும். ரப்பர் பட்டன் வைத்த அந்தக் கறுப்பு கம்ப்யூட்டருக்கு அதுதான் பேச்சு. மூன்று வருஷமாக சொரிமுத்து அதை டிவியில் மாட்டி, ஊரான் செய்த ஆட்டமெல்லாம் ஆடித் தீர்த்தான். பிறகு சொந்தமாக ஒன்று செய்யப் புறப்பட்டான். கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து எட்டு மாசம். போன ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. ஒரு பொம்பிளை குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்கு வர வேண்டும். குறுக்கே ஆடு வரும், சைக்கிள் வரும், சாக்கடை வரும். பொம்பிளைக்குச் செண்பகவல்லியின் கொண்டை.

ஆடிப் பார்த்த செண்பகவல்லி நாலு தடவை சாக்கடையில் விழுந்து அஞ்சாவது தடவை வீடு சேர்ந்தாள். "சாக்கடைய அச்சா போட்டிருக்கீக. நாத்தம் ஒண்ணுதான் பாக்கி" என்றாள். அவன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டினான். கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு எதுவும் நினைவிருக்காது. ஆட்டம் இருந்தது அந்த ஒரே கேசட்டில்.

"தம்பி, அதுல ஆட்டம் இருக்குல. அழிச்சிராத."

"ஆட்டமாம்ல" என்றாள் ஒருத்தி. "புத்தி பேதலிச்சிட்டு, பாவம்."

"நீ கவலைப்படாதக்கா. ஃபஸ்ட் கிளாஸா பிடிச்சுத் தாரேன்" என்றான் நம்பிராஜன்.

வானமாமலை வந்தார். கூடவே அவர் அத்தரும் வந்தது. போன பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைக் காட்டலாமா என்று கேட்ட சொரிமுத்துவிடம், "கழுத வயசாச்சு, இன்னும் பொம்மை வச்சு வெளையாடுதியே" என்று சபையில் சொன்ன அதே தலைவர். இன்று மேதையின் இயந்திரத்துக்கும் ஒரு மாலை போட வேண்டும் என்றார். எது இயந்திரம் என்று அவருக்கும் தெரியவில்லை, மாலை கொண்டுவந்தவனுக்கும் தெரியவில்லை. மேசையில் இருந்ததிலேயே பெரிதாக, சிவப்பு விளக்கோடு, மரியாதைக்குரியதாகத் தெரிந்தது வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான். அதற்கே போட்டார்கள். தலைவர் அதன் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

செண்பகவல்லி எழுந்தாள். சேலைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. தலைமாட்டை விட்டுத் தாலி கட்டிக்கொண்டவள் எழுந்திருக்கக் கூடாதென்று நாலு பேர் பிடித்தார்கள். உதறிக்கொண்டு பிணத்தைச் சுற்றி இரண்டு எட்டு வைத்தாள். குறுக்கே வந்து நின்றார் வானமாமலை. மோதிரங்கள் போட்ட ஈரக் கையை அவள் உச்சியில் வைத்து அழுத்தினார்.

"அம்மா, நான் இருக்கேன்."

அத்தருக்கு அடியில் வேர்வை நாறியது. அந்தக் கையைத் தட்டிவிட்டபோது நம்பிராஜன் ரிக்கார்டரின் சிவப்புப் பட்டனை அழுத்தியிருந்தான். அத்தை அவளைப் பின்னாலிருந்து இழுத்து உட்கார்த்தினாள்.

"மறைந்த கணிப்பொறி மேதை சொரிமுத்து அவர்கள்" என்று மைக் இல்லாமலே மைக்குக் குரலில் தொடங்கினார் தலைவர். "அமெரிக்காக்காரன் ஆள்விட்டு அழைத்தான். போனாரா? 'என் தலைவர் இருக்கும் கேம்ப்பை விட்டு வரமாட்டேன்' என்றார்." சொரிமுத்து கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டிப் போனது சொந்த ஊருக்கு மட்டும்தான். கூட்டம் தலையை ஆட்டியது. கேசட் சுற்றியது. கொண்டை போட்ட பொம்பிளை, குடம், ஆடு என்று ஒவ்வொன்றாக அந்தக் குரலுக்கு அடியில் போய்க்கொண்டிருக்க, செண்பகவல்லி தலைவரின் வாயோரம் திரண்ட நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முக்கால் மணி நேரம், ஒரு பக்கம் தீருமட்டும் நடந்தது. ஐஸ் உருகிப் பிணத்தின் முதுகு நனைந்தது.

ஐந்து மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பாடையைத் தூக்கும் அவசரத்தில் நம்பிராஜன் கேசட்டை எடுக்க மறந்துபோனான். பெண்கள் வீட்டைக் கழுவித் தள்ளினார்கள். தலை முழுகிய செண்பகவல்லி ஈரம் சொட்டச் சொட்ட மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கேசட்டை ஆரம்பத்துக்கு ஓட்டி, ரிக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயரைச் செருகினாள்.

"என்ன மதினி செய்யுதீக? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?" என்றாள் நம்பிராஜனின் பொஞ்சாதி கோமதி.

"கொஞ்சமாச்சும் மிஞ்சியிருக்கான்னு பாக்கேன்."

கணவன் சொல்லிக்கொடுத்தபடி, கேசட்டிலிருந்து ஆட்டத்தை ஏற்றச் சொல்லும் ஜே எழுத்தை அழுத்தினாள். மேற்கோள் குறி இரண்டு. கேசட் ஓடியது. கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து கொசு போலத் தலைவரின் குரல் ரீங்காரமிட்டது. கறுப்பு வெள்ளைத் திரையின் ஓரத்தில் கோடுகள் துள்ளின, கலைந்தன, மறுபடி துள்ளின. நடுவில் ஒன்றும் வரவில்லை.

கோமதி துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். "எப்ப வரும்?"

"அது இவரு பேசுறதுல ஏதாவது இருக்கான்னு தேடுது."

முக்கால் மணி நேரமும் தேடியது. கேசட் தீர்ந்து ரிக்கார்டர் பட்டன் டக்கென்று மேலே எழும்பியது. திரையின் ஓரம் மங்கிற்று, வெளுத்தது, மறுபடி மங்கிற்று. அடுத்த சத்தத்துக்காக அது காத்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லி தலையைத் துவட்டாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.